எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு: பதற்றத்துக்குச் சேரலாம், மனக்காயத்துக்கு விசாரித்துச் சேருங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் வட்டாரத்தில், இந்த நொடியில் நடப்பதை நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கப் பழகும் மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் இப்போது பலவகைச் சரக்கு கிடைக்கிறது. இரண்டு நாள் வொர்க்‌ஷாப், யோகா வகுப்போடு சேர்ந்த அரை மணி நேரத் தியானம், செல்போன் ஆப், ஜூம் வழியாக நடக்கும் எட்டு வார கோர்ஸ். இவற்றில் ஆராய்ச்சி பலம் அதிகம் உள்ளது எட்டு வார கோர்ஸ்தான். மைண்ட்ஃபுல்னஸ் வழியாக மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி என்ற பொருளில் எம்.பி.எஸ்.ஆர். என்று சுருக்கிச் சொல்வார்கள். 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய பயிற்சி இது. இங்கே மதிப்பிடுவது இந்த கோர்ஸைத்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓயாத கவலை, படபடப்பு, தூக்கமின்மை என்று பதற்ற நோயோடு இருப்பவர்கள் காசும் நேரமும் கொடுத்துச் சேரலாம், தகுதியான பயிற்சி. சுனாமி, தீ, புயல், விபத்து, வீட்டுக்குள் அடி, பாலியல் கொடுமை என்று மனக்காயத்தோடு இருப்பவர்களுக்கு இதை அச்சடித்த பாடத்திட்டப்படியே கொடுத்தால் சிலருக்கு நிலைமை மோசமாகும். அவர்கள் சேரலாம், ஆனால் பயிற்சியை மாற்றி நடத்தத் தெரிந்த ஆசிரியரிடம், முறையான சிகிச்சைக்குத் துணையாக மட்டும் சேர வேண்டும்.

காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதை மணிக்கணக்கில் பாருங்கள். வாரம் ஒரு வகுப்பு, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். எட்டு வாரத்துக்கு 20 மணி நேரம். ஆறாம், ஏழாம் வாரங்களுக்கு இடையில் ஒரு முழுநாள் மௌனப் பயிற்சி, ஆறேழு மணி நேரம். ஆக, ஆசிரியரோடு சுமார் 27 மணி நேரம். இதுபோக வீட்டில் தினம் 45 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். அது 36 மணி நேரம். கேட்கும் கட்டணத்தை 27-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று தெரிந்துவிடும். ஆறு மணி நேர வொர்க்‌ஷாப்புக்கு எட்டு வார கோர்ஸின் கட்டணத்தில் பாதி கேட்டால், அது நியாயமான விலை இல்லை. வீட்டுப் பயிற்சியை வலியுறுத்தாத வகுப்பு என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சேர வேண்டாம். கோர்ஸில் பாதிக்கு மேல் வேலை வீட்டில்தான் நடக்கிறது.

முதல் வகுப்பு உலர் திராட்சையோடு தொடங்கும். ஒரே ஒரு திராட்சையை உள்ளங்கையில் வைத்து உருட்டி, சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, கடிக்காமல் சற்று நேரம் இருந்து, பிறகு மெதுவாகக் கடிப்பது. இதற்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் ஊர் வகுப்பில் திராட்சையே வேண்டும் என்றில்லை. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையில் ஒரு கிள்ளு போதும்: நரம்பு விரலில் தட்டுப்படும், மணம் இருக்கும், காரம் நாக்கில் தாமதமாக ஏறும். கவனம் எங்கே போகிறது, எப்போது நழுவுகிறது என்று கற்றுக்கொடுக்க அதுவே நல்ல பொருள். அடுத்து பாடி ஸ்கேன்: மல்லாந்து படுத்து, இடது கால் விரலில் தொடங்கி உச்சந்தலை வரை உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனிப்பது. இரண்டாம் வாரம் மூச்சைக் கவனித்து உட்காருவது வந்துவிடும். மூன்றாம் வாரத்திலிருந்து மெதுவான யோகாவும் நடைத் தியானமும். நான்காம், ஐந்தாம் வாரங்களில் மன அழுத்தத்துக்கு உடம்பு எப்படி எகிறுகிறது, அதற்குப் பழக்கத்தில் பதில் கொடுப்பதற்கும் யோசித்துப் பதில் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று போகும். ஆறாம் வாரம் பேச்சுவார்த்தை, குடும்பச் சண்டை. கடைசி இரண்டு வாரம் கோர்ஸுக்குப் பிறகு தனியாகத் தொடரும் ஏற்பாடு.

பதற்றத்துக்கு இது வேலை செய்கிறது என்பதற்கு உறுதியான சான்று உண்டு. 2022 நவம்பரில் ஜாமா சைக்கியாட்ரி என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பதற்ற நோய் உள்ள 276 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை, 10 மில்லிகிராமில் தொடங்கி 20 வரை. இன்னொரு பாதிக்கு எம்.பி.எஸ்.ஆர். எட்டு வாரம் கழித்து நோயின் கடுமை மாத்திரைக் குழுவில் 1.43 புள்ளியும் பயிற்சிக் குழுவில் 1.35 புள்ளியும் குறைந்திருந்தது. இந்த வித்தியாசம் பொருட்படுத்தும்படியானது அல்ல. பக்க விளைவு ஏதாவது ஒன்றாவது வந்ததாகச் சொன்னவர்கள் மாத்திரைக் குழுவில் 78.6 சதவீதம், பயிற்சிக் குழுவில் 15.4 சதவீதம். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். எஸ்சிட்டலோபிராமைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, எரிச்சல் எல்லாம் வரும். மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்தே போகலாம்; குறைப்பதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

2014-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பதற்றத்தில் பலன் நடுத்தர அளவு என்றும், கோர்ஸ் முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்தில் அந்தப் பலன் கொஞ்சம் கரைகிறது என்றும் வந்தது. பயிற்சியைத் தொடராதவருக்குக் கரைவது இயல்பு. ஆகவே கோர்ஸ் முடிந்த பிறகு மாதம் ஒரு கூடுகை வைக்கிற ஆசிரியருக்கு முன்னுரிமை கொடுங்கள்.

பதற்றத்தில் இது என்ன செய்கிறது? நெஞ்சு படபடக்கிறது. உடனே "அட்டாக்கா இருக்குமோ" என்று மனம் ஓடுகிறது. அந்த நினைப்பே படபடப்பை ஏற்றுகிறது, ஏறிய படபடப்பு நினைப்பை உறுதிப்படுத்துகிறது. இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். பயிற்சி அறுப்பது உடம்புக்கும் நினைப்புக்கும் நடுவில். "படபடப்பு. நெஞ்சின் நடுவில். வேகமாக. கொஞ்சம் சூடு." இதோடு நிறுத்தி, இது என்ன நோய் என்ற கேள்விக்குப் போகாமல் இருக்கப் பழக்குகிறது. பழக்கம் வந்தபின் படபடப்பு வந்தாலும் பயம் அதோடு ஒட்டிக்கொண்டு வராது.

ஆனால் வகுப்பில் சேரும் முன் உண்மையிலேயே உடம்புக் காரணம் இல்லை என்று தெரிந்துகொள்வது கட்டாயம். ஒரு இ.சி.ஜி., தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், இந்த மூன்றும் போதும். ரத்தசோகையும் தைராய்டு மிகைப்பும் அச்சு அசலாகப் பதற்றம் போலவே நெஞ்சை அடிக்க வைக்கும். வயல் வேலைக்குப் போகும் பெண்களிடம் ரத்தசோகையைப் பார்க்காமல் மூச்சைக் கவனிக்கச் சொல்வது அநியாயம்.

இனி, பதற்றக்காரர்கள் வகுப்பில் எங்கே சறுக்குகிறார்கள் என்பது. முதலாவது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "போயிடுச்சா, குறைஞ்சிடுச்சா" என்று சோதிப்பது. சோதிப்பதே பதற்றம்தான், அதற்குப் பெயர்தான் மாறியிருக்கிறது. கண்டிப்பான ஆசிரியர் இரண்டாம் வாரத்திலேயே இதைப் பிடித்துவிடுவார். இரண்டாவது, மூச்சைக் கவனிப்பது என்றதும் மூச்சை ஆழமாக இழுப்பது. சிறுவயதிலிருந்து பிராணாயாமம் பார்த்து வளர்ந்த நமக்கு இது கைவந்த பழக்கம். திடீர்ப் பீதி வரும் உடம்பில் வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரல் நுனி மரத்து, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்து, தலை சுற்றும். பிறகு "மூச்சு முட்டுது" என்று இன்னும் இழுப்பார்கள். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள் பக்கம் இவர்கள் போகக் கூடாது. மூச்சை மாற்றியே ஆக வேண்டும் என்றால் நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது போதும். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். மூன்றாவது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடி ஸ்கேன் செய்து குறட்டை விடுவது. காலை வெயில் ஏறுவதற்கு முன், நாற்காலியில் உட்கார்ந்து செய்தால் தீரும். நான்காவது, கூட்டுக் குடும்ப வீட்டில் 45 நிமிடம் தனியாகக் கிடைக்காதது. அரை அரையாகப் பிரித்துக் காலையில் 20, ராத்திரி 20 என்று செய்யலாம். ஆசிரியர் தரும் ஒலிப்பதிவு 20 நிமிடம், 40 நிமிடம் என இரண்டு அளவிலும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் பதற்றத்துக்கு. மனக்காயத்துக்கு வரும்போது கணக்கு வேறு.

2004 இந்த டெல்டாவுக்கு என்ன ஆண்டு என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் உயிர்கள். அதன் பிறகு 2018 நவம்பர் 16 கஜா புயல். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள சின்னங்குடியில் சுனாமிக்குப் பின் நடந்த ஆய்வில், பெரியவர்களில் 12.7 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. எனப்படும் மனக்காய நோய் இருந்தது. அவர்களில் பலருக்கு இன்றைக்கு வயது ஐம்பது, அறுபது. தூக்கமின்மை, நெஞ்சுவலி என்றுதான் மருத்துவமனைக்கு வருவார்கள். அங்கிருந்து யாராவது ஒருவர் தியான வகுப்புக்கு அனுப்பி வைப்பார்.

மனக்காயத்துக்கு மைண்ட்ஃபுல்னஸ் உதவுமா? உதவுகிறது, ஆனால் முதல் வரிசைச் சிகிச்சையாக அல்ல. 2015-இல் ஜாமா இதழில் வந்த ஆய்வில், பி.டி.எஸ்.டி. உள்ள 116 முன்னாள் ராணுவத்தினரில் மைண்ட்ஃபுல்னஸ் குழுவில் 49 சதவீதம் பேருக்கும், ஒப்பீட்டுக் குழுவில் 28 சதவீதம் பேருக்கும் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன. ஆனால் நோயிலிருந்து முழுதாக வெளியே வந்தவர்களின் விகிதத்தில் இரண்டு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. முதல் வரிசையில் நிற்பவை, நடந்ததை ஒரு வல்லுநரின் துணையோடு படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் பேச்சுச் சிகிச்சைகளும், கண்ணை இருபுறமும் அசைத்தபடி அந்த நினைவைக் கையாள வைக்கும் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சையும்.

நம் மண்ணிலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. சுனாமி முகாம்களில் தங்கியிருந்த 183 பேரைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு எட்டு மணி நேர மூச்சுப் பயிற்சியைக் கொடுத்து, சிலரைக் காத்திருக்க வைத்துப் பார்த்து, 2010-இல் வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் அறிகுறி மதிப்பெண் பெரிய அளவில் இறங்கியது. காத்திருப்புக் குழுவில் கிட்டத்தட்ட அசையவில்லை. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, காத்திருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் வேறு எந்தக் கவனிப்பும் இல்லை. ஆகவே இதை மட்டும் காட்டி "சுனாமிக்கே சரியாச்சு" என்று விளம்பரம் செய்யும் மையம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

எது தவறாகப் போகிறது என்பதை இந்தத் துறையில் மிகக் கவனமாக எண்ணிப் பார்த்தவர் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளினிகல் சைக்காலஜிஸ்ட் வில்லபி பிரிட்டன். 2021-இல் அவரும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி எடுத்த 96 பேரை உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்டார்கள். தியானத்தால் ஏதாவது ஒரு கசப்பான விளைவு வந்ததாக 58 சதவீதம் பேர் சொன்னார்கள். அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டது 37 சதவீதம் பேருக்கு. நீடித்த கெடுதல் 6 முதல் 14 சதவீதம் பேருக்கு. அந்த நீடித்த கெடுதலுக்கு முன்னறிவிப்பாக இருந்தவை இரண்டு: உடம்பு அளவுக்கு மீறி விழித்துக்கொள்வது, அல்லது உடம்பிலிருந்தே விலகிப்போய் மரத்துப்போவது. இரண்டுமே மனக்காயத்தின் அடையாளங்கள். "நல்லா இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், தனித்தனியாகக் கேட்டால்தான் இது வெளியே வரும். வகுப்பு நடத்துபவர்கள் இந்த ஒரு ஆய்வையாவது படித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் இப்படி ஆகிறது? கண்ணை மூடி, அசையாமல், உடம்புக்குள் போகச் சொல்கிறோம். அடிபட்டவரின் உடம்புதான் அந்தச் சம்பவத்தைச் சேர்த்து வைத்திருக்கும் இடம். தண்ணீர் உள்ளே போன நெஞ்சில் மூச்சைக் கவனிக்கச் சொன்னால் அங்கே அமைதி கிடைக்காது, சுனாமி வந்த அந்தக் காலை நேரம்தான் கிடைக்கும். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணை மல்லாந்து படுக்க வைத்து, இடுப்புப் பகுதிக்குக் கவனத்தைக் கொண்டுபோகச் சொல்லி, ஒரு ஆண் குரல் மேலே நின்று பேசினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பின்னணி ஒலி இன்னொரு சங்கதி. தூக்கத்துக்கும் தியானத்துக்கும் வரும் ஆப்களில் கடல் அலைச் சத்தம் சர்வசாதாரணம். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், தரங்கம்பாடிக்காரர் ஒருவருக்கு அதைக் காதில் போட்டு "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று சொல்வதைவிடக் கொடுமை உண்டா? கஜா அடித்த வேதாரண்யம் பக்கத்தில் ஓங்கி அடிக்கும் காற்றொலி வேண்டாம். கும்பகோணத்தில் மெழுகுவர்த்திச் சுடரைப் பார்க்கும் பயிற்சியையும் அறை நிறைய ஊதுபத்திப் புகையையும் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் வைக்கக் கூடாது. இவையெல்லாம் பாடத்திட்டத்தில் எழுதியிருக்காது. ஊர் தெரிந்த ஆசிரியருக்குத்தான் தெரியும். வெளியூர்ப் பிரபலங்களின் ஜூம் வகுப்பைவிட உள்ளூர்க்காரரின் வகுப்புக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பது இதனால்தான்.

நல்ல ஆசிரியர் என்ன மாற்றுவார் என்று பாருங்கள். கண்ணை மூடு என்று கட்டளையிடாமல், "மூடிக்கலாம், இல்லைன்னா தரையைப் பார்த்துட்டே இருக்கலாம்" என்பார். முதுகைச் சுவர்ப் பக்கம், முகத்தைக் கதவுப் பக்கம் வைத்து உட்கார இடம் தருவார். கவனத்தை ஊன்ற மூச்சு ஒன்றையே கொடுக்காமல், தரையில் அழுந்தும் பாதம், தொடையில் இருக்கும் உள்ளங்கை, மின்விசிறிச் சத்தம், தூரத்து மோட்டார் செட் சத்தம் என நான்கைந்து கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வார். முதல் இரண்டு வாரம் உட்காருவது மூன்று நிமிடம், ஐந்து நிமிடம்தான். பாடி ஸ்கேனை நாற்காலியில், கையிலும் காலிலும் மட்டும் தொடங்கி, வேண்டாத பகுதியைத் தாண்டிப் போக அனுமதிப்பார். முழுநாள் மௌனத்தை இவர்களுக்குக் கட்டாயப்படுத்த மாட்டார். தொட்டுத் திருத்த மாட்டார். "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று எல்லார் முன்னாலும் கிளற மாட்டார்.

வகுப்பின் நடுவில் ஒரு அம்மா வெறித்துப் பார்த்தபடி உறைந்துவிட்டால், அல்லது உள்ளங்கை வியர்த்து மூச்சு வாங்கினால், ஆசிரியரின் தரம் அந்த நிமிடத்தில் தெரிந்துவிடும். "அதோடயே இருங்க, கடந்து போயிடும்" என்று சொன்னால் அவருக்கு மனக்காயம் பற்றித் தெரியாது. தெரிந்தவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அம்மா, கண்ணைத் திறந்துக்கங்க. காலைத் தரையில நல்லா அழுத்துங்க. இந்த ரூம்ல என்னென்ன தெரியுது, அஞ்சு சொல்லுங்க பார்ப்போம்" என்பார். குளிர்ந்த தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுப்பார், எழுந்து நடக்க வைப்பார், பயிற்சியை அன்றைக்கு அங்கேயே நிறுத்துவார். மறுநாள் போன் செய்து கேட்பார்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை சில. சேரும் முன் தனியாக ஒரு நேர்காணல் உண்டா? இல்லை என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆசிரியர் தன்னை கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால், இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். மனம் புண்படுவார் என்று தயங்க வேண்டாம், பதிவு உள்ளவர் உடனே கொடுப்பார். அவர் யோகா ஆசிரியர் என்றால் அது குற்றமில்லை; ஆனால் நிலைமை மோசமானால் எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவார் என்பதற்குப் பெயரோடு பதில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் அளக்கிறாரா? பதற்றத்துக்கு ஜி.ஏ.டி.-7 என்று ஏழு கேள்வி, 21-க்கு மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவு. மனக்காயத்துக்கு பி.சி.எல்.-5, இருபது கேள்வி, 80-க்கு; 31 முதல் 33 வரை வந்தாலே விரிவாகப் பரிசோதிக்க வேண்டும். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. இதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தற்கொலை எண்ணம் இருப்பவர்கள், குடி நிறுத்தி உடம்பு நடுங்கிக்கொண்டிருப்பவர்கள், காதில் குரல் கேட்பவர்கள் எட்டு வார வகுப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.

வசதி இல்லாதவர்களுக்கு: மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரை இலவசமாகப் பார்க்கலாம், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மனாஸ் 14416, 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு போன் சேவை. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். இவை எட்டு வார வகுப்புக்கு மாற்று அல்ல, ஆனால் மனக்காயம் உள்ளவர் முதலில் தட்ட வேண்டிய கதவு இவைதான். செல்போன் ஆப்பைப் பதற்றக்காரர்கள் வீட்டுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். உறைந்துபோகிறவரை ஆப் கவனிக்காது, ஆகவே மனக்காயக்காரர்கள் அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

எந்த மாதத்தில் சேருவது என்பதும் பலனைத் தீர்மானிக்கிறது. நடவு, களை, அறுவடை நாட்களில் தொடங்கும் வகுப்பில் வயல் வேலைக்காரர்கள் மூன்றாம் வாரத்தில் நின்றுவிடுவார்கள். சம்பா அறுவடை முடிந்து மாசி நடுவில் தொடங்கினால் சித்திரையில் முடியும். கடற்கரை ஊர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், எட்டு வாரத்துக்கு அப்படியே பொருந்துகிறது. விசைப்படகுக்குப் போகும் ஆண்களும் அப்போதுதான் கரையில் இருப்பார்கள். மனக்காயம் உள்ளவர்கள் நவம்பர், டிசம்பரில் புதிதாகத் தொடங்க வேண்டாம். நவம்பர் நடுவில் தொடங்கினால் முழுநாள் மௌனம், சுனாமி நாள் வரும் டிசம்பர் கடைசி வாரத்தில் போய் விழும்.